பாசறையிலிருந்து பேரவைக்கு: ஓய்வுபெற்ற படைவீரரும் சட்டமன்றத் தேர்தலும்

தமிழர்கள் கூடும் இடத்தில் ‘கேப்டன்’ என்று சொன்னால், ராணுவத்தை யாரும் நினைப்பதில்லை. விஜயகாந்த் அவர்களைத்தான் நினைப்பார்கள். 1991இல் வெளிவந்த ‘கேப்டன் பிரபாகரன்’ படம் தந்த பட்டம் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில்கூட அவர் ஏற்றது வனத்துறை அதிகாரி வேடம். ஆனாலும் அந்தப் பட்டம் அவருடனேயே அரசியலுக்கு வந்தது. 2005இல் கட்சி தொடங்கினார். 2006இல் விருத்தாசலத்தில் வென்றார். 2011இல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2023 டிசம்பரில் மறைந்தார். அவர்மேல் மக்கள் வைத்திருந்த அன்பு பெரிது, அதில் எனக்கு வேறு கருத்தில்லை. ஒரு ராணுவப் பட்டத்துக்கு நம் ஜனங்களிடம் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று காட்டவே இதைச் சொன்னேன்.

சரி, உண்மையாகவே பனியிலும் பாலையிலும் காவல் நின்றுவிட்டு வந்த ஒருவர் வாக்குக் கேட்டு நம் வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கிறது? சட்டம் அவருக்கு எவ்வளவு தூரம் வழி விடுகிறது? இவ்விரண்டையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எளிமையாகச் சொல்லவேண்டும் என்பது அடியேனின் ஆசை.

இது வெறும் பொது அறிவுக்காக எழுதும் சமாச்சாரம் அல்ல. சித்தூருக்குத் தெற்கே வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர் என்று பெயர் பெற்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் பாலசமுத்திரம், சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் பட்டாளத்துக்குப் போய் வந்த பிள்ளைகள் உண்டு. அப்படி ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் கேட்டார்: “நயினாரே, எலெக்‌ஷன்ல நிக்கலாம்னு இருக்கேன். கையில பணிக்கொடைப் பணம் இருக்கு. ஊர்ல எல்லாரும் சல்யூட் அடிக்கிறாங்க. என்ன சொல்றீங்க?” பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணம் அது. உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. “தம்பி, கொஞ்சம் படிச்சிட்டுச் சொல்றேன்” என்றேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பணியில் இருக்கும் படைவீரர் தேர்தலில் நிற்க முடியாது. அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 191ஆவது பிரிவு. அதற்கும் மேலே, படைகளில் கட்டுப்பாடு குலையாமலிருக்க, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைத்து வைக்க நாடாளுமன்றத்துக்கு 33ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தின் வழியில் வந்தவை 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளும். விதி 20இன்படி, பணியிலுள்ளவர் அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது. தம்மை வேட்பாளர் என்று அறிவிக்கக் கூடாது. மற்றவர்கள் அப்படி அறிவிப்பதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஊராட்சித் தேர்தலுக்கும் இதே தடைதான்.

ஓய்வு பெற்றபின் இந்தத் தடை இல்லை. ஓய்வூதியம் வாங்குவது ‘ஆதாயப் பதவி’ ஆகாது. ஆகவே பயப்பட வேண்டாம். 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். 2022இல் கொண்டுவரப்பட்ட அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு சேவை என்று வகுத்திருக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேரும் பிள்ளைகள் பணி முடித்து வெளியே வரும்போது, சட்டமன்றத்துக்கு நிற்கும் வயதே அவர்களுக்கு வந்திருக்காது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு நுட்பம் உண்டு. முறையாக ஓய்வு பெற்றவருக்கும் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ நீக்கப்பட்டவருக்கு 5 ஆண்டுகள் தகுதியில்லை. வேறு காரணத்துக்காக நீக்கப்பட்டிருந்தாலும், அந்த 5 ஆண்டுக்குள் நிற்பதானால் ‘இவர் அந்த இரண்டு குற்றங்களுக்காக நீக்கப்படவில்லை’ என்று தேர்தல் ஆணையத்தின் சான்றிதழை மனுவோடு வைக்க வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படையில் சாப்பாடு சரியில்லை என்று 2017இல் படம் எடுத்து வெளியிட்ட தேஜ் பகதூர் யாதவ், அதே ஆண்டு நீக்கப்பட்டார். 2019இல் வாரணாசி மக்களவைத் தொகுதியில் அவர் கொடுத்த மனு இந்தச் சான்றிதழ் இல்லாததால்தான் தள்ளுபடியானது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. ஒரு தாள் இல்லாததால் ஒரு தேர்தலே போயிற்று.

செலவுக்கு வருவோம். சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பணம் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் அது திரும்பாது. இதைத்தான் ‘டெபாசிட் போச்சு’ என்கிறோம். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2022 ஜனவரியில் வந்த உத்தரவின்படி ஆந்திரம் போன்ற பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தக்க காரணமின்றிக் கொடுக்காமல் விட்டால் 3 ஆண்டு தகுதி நீக்கம். ஐந்தொகை எழுதத் தெரிந்த வியாபாரிக்கு இது பழக்கம். ஹவில்தாருக்குக் கணக்குப்பிள்ளை ஒருவர் வேண்டும்.

இன்னொன்று: படைவீரர்களின் படங்களைத் தேர்தல் பிரசாரத்தில் போடக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013இலும் பிறகு 2019 மார்ச்சிலும் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. படை எல்லாருக்கும் பொது. ஒரு கட்சிக் கொடியின் கீழ் அதை நிறுத்தக் கூடாது என்பதே காரணம். ஓய்வுபெற்றவர் தம் சேவையை எடுத்துச் சொல்லலாம். படையே தம் பக்கம் என்பது போலக் காட்டக் கூடாது.

கல் நட்ட ஜனங்கள்

அகிம்சை வழியில் வந்த சமணன் நீ, பட்டாளத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் நூல்கள் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, பிழைப்புத் தொழிலில் நேர்வது, எதிர்த்துக் காத்துக்கொள்வதில் நேர்வது. இல்லறத்தான் முழுக்க விடவேண்டியது முதலாவதைத்தான். ஆகவே காவல் நிற்பவனைச் சமணம் இகழவில்லை. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையைப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்த சாவுண்டராயர் யார்? கங்க மன்னர்களின் படைத்தலைவர்; அவரே அமைச்சர்; கன்னடத்தில் புராணம் எழுதிய ஆசிரியரும் அவரே. வாள் பிடித்த கை ஆட்சிக்கும் எழுத்துக்கும் உதவும் என்பதற்கு நம் தென்னாட்டிலேயே ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாட்சி அது.

ஆனால் சாவுண்டராயரை நியமித்தவர் அரசர். இன்று நியமிப்பவர் வாக்காளர். நம் ஜனங்கள் ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டவர்கள். செங்கம் பக்கத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். 1999இல் கார்கில் போரில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் இருக்கிறது. மாண்டவனுக்குக் கல் நடுவதில் கணக்குப் பார்க்கமாட்டோம். உயிரோடு திரும்பி வந்து வாக்குக் கேட்பவனிடம் கணக்குப் பார்ப்போம். அதில் தவறொன்றும் இல்லை.

ஜெயித்தவர்களும் தோற்றவர்களும்

2017இல் பஞ்சாபில் பட்டியாலா நகரத் தொகுதியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 2005 முதல் 2007 வரை இந்தியத் தரைப்படைக்கே தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஜே. ஜே. சிங், பின்னால் அருணாசலப் பிரதேச ஆளுநராகவும் இருந்தவர். மறுபக்கம் அமரீந்தர் சிங். 1963இல் சீக்கிய ரெஜிமெண்டில் சேர்ந்து, விலகி, 1965 போர் வந்ததும் திரும்பப் போய்ச் சண்டை முடிந்தபின் வெளியே வந்த கேப்டன். பாசறையில் ஜெனரல் வந்தால் கேப்டன் எழுந்து நிற்க வேண்டும். வாக்குப் பெட்டியில் நடந்தது தலைகீழ்: கேப்டன் பெரும் வித்தியாசத்தில் வென்றார், ஜெனரல் மூன்றாம் இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தார். பட்டியாலா அமரீந்தரின் பழைய அரச குடும்பத்து ஊர். பல ஆண்டு அரசியல் வேர் அங்கே இருந்தது. அதே தேர்தலில் அவரே லம்பி என்னும் தொகுதியிலும் நின்றார். அங்கே பிரகாஷ் சிங் பாதலிடம் தோற்றார். மனிதர் ஒருவர், தேர்தல் ஒன்று, ஊர் மட்டும் வேறு. 2022இல் பட்டியாலாவே அவரைக் கைவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உத்தராகண்டில் மேஜர் ஜெனரல் பி. சி. கண்டூரி 2007இல் முதலமைச்சரானார். சட்டமன்றத்துக்குள் வர அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. துமாகோட் தொகுதியை விட்டுக்கொடுத்தவரும் ஒரு ராணுவத்தாரே, லெப்டினன்ட் ஜெனரல் டி. பி. எஸ். ராவத். வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் உள்ள மலைநாடு அது. அப்படிப்பட்ட இடத்திலேயே 2012இல் முதலமைச்சராக இருந்துகொண்டு கோட்துவாரில் கண்டூரி தோற்றார். 2022இல் கர்னல் அஜய் கோட்டியால், ஒரு கட்சியின் முதலமைச்சர் வேட்பாளர் என்று அறிவிக்கப்பட்டு கங்கோத்ரியில் நின்றும் டெபாசிட் வாங்கவில்லை.

இனி நம் ஆந்திரத்துக்கு வருவோம். பிரியாத ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றத்தில் 1999இலும் 2004இலும் கோதாடா தொகுதியிலிருந்து வென்றவர் உத்தம் குமார் ரெட்டி. இந்திய விமானப் படையில் மிக் ரகப் போர் விமானங்களை ஓட்டியவர். பின்னர் குடியரசுத் தலைவர் மாளிகையில் பணிசெய்தவர். ஜனங்கள் அவரையும் ‘கேப்டன்’ என்றே அழைக்கிறார்கள். 2009, 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் ஹுசூர்நகரில் வென்றார். 2023 டிசம்பரில் தெலங்கானாவின் நீர்ப்பாசன அமைச்சரானார். வானத்தில் பறந்தவருக்குக் கால்வாயும் மதகும் பொறுப்பாக வந்தன! ஆனால் அவர் புகழ் குடும்பத்துக்குத் தானாகப் போய்விடவில்லை. அவர் துணைவியார் பத்மாவதி 2014இல் கோதாடாவில் வென்றவர். 2018இல் அங்கே தோற்றார். கணவர் மக்களவைக்குப் போனதால் வந்த 2019 ஹுசூர்நகர் இடைத்தேர்தலிலும் தோற்றார். 2023இல்தான் கோதாடாவை மீட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

என் மனத்தை மிகவும் தொட்டது மிசோரம் கதை. 1966இல் அங்கே கிளர்ச்சி எழுந்தது. அதன் தலைவர் லால்டெங்காவே முன்பு இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். ராணுவ நடவடிக்கையில் ஐஸ்வால் மேல் குண்டு விழுந்தது. கிராமங்களைக் கலைத்து ஒன்றுசேர்த்தார்கள். அந்த நேரத்தில் பட்டாளத்து உடுப்பைப் பார்த்தாலே ஜனங்கள் பயந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பிரிகேடியர் தென்புங்கா சைலோ 1974இல் மனித உரிமைக் குழு அமைத்து, ஜனங்கள் பட்ட கஷ்டங்களைக் கேட்டு எழுதி, தாம் பணிசெய்த ராணுவத்தின் அத்துமீறல்களையே அரசுக்கு எடுத்துச் சொன்னார். 1975இல் மக்கள் மாநாடு என்னும் கட்சியைத் தொடங்கினார். 1978இல் ஜனங்கள் அந்த பிரிகேடியரையே முதலமைச்சராக்கினார்கள். 1986 உடன்படிக்கைக்குப்பின் லால்டெங்காவும் முதலமைச்சர் ஆனார். பிரிகேடியர், ஹவில்தார் இருவரையும் ஒரே மக்கள் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தோளிலிருந்த நட்சத்திரங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சைலோவிடம் அவர்கள் கண்டது, தங்கள் சொல்லைக் கேட்க வந்த காதை.

ஏன் இப்படி?

பட்டாளத்தில் உத்தரவு மேலேயிருந்து கீழே வரும். ‘ஏன்’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வேலை நடக்காது. தேர்தலில் உத்தரவு கீழேயிருந்து மேலே போகிறது. நம் பக்கத்தில் ‘சமுத்திரம்’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ஏரியை வைத்து வந்தவை. பாலசமுத்திரம் என்ற பெயரே அதை நினைவூட்டுகிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் வேட்பாளரிடம் என்ன கேட்பார்? லடாக்கில் எத்தனை டிகிரி குளிர் என்றா? வரத்துக் கால்வாயை யார் தூர் வாருவது, பட்டா மாறுதல் ஏன் இழுக்கிறது, பஸ் ஏன் நின்றுபோயிற்று என்றுதான் கேட்பார். பதினைந்து பதினேழு வருஷம் ஊரைவிட்டு வெளியே இருந்தவருக்கு இந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் வராது. அது அவர் குற்றமில்லை. நம்மைக் காக்கப் போன இடத்தில்தான் அந்த வருஷங்கள் கழிந்தன. ஆனாலும் பதில் வேண்டுமே!

மொழியும் ஒரு தடை. பட்டாளத்தில் இந்தி நன்றாக வந்திருக்கும். இங்கே ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு. இரண்டிலும் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும்.

அதே சமயம் வீரரிடம் மற்ற வேட்பாளரிடம் எளிதில் கிடைக்காத சரக்கு இருக்கிறது. நேரம் தவறாமை; சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ட பழக்கம்; வெள்ளம் வந்தால் எங்கே கயிறு கட்டுவது என்ற அறிவு; பொதுப் பணத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் தொடாத ஒழுக்கம். நல்ல சரக்குத்தான். ஆனால் எவ்வளவு நல்ல சரக்கானாலும் வாடிக்கை பிடிக்க நாளாகும். கடை திறந்த அன்றே கல்லா நிறையாது.

வெளிமாநிலத் தமிழருக்குச் சில குறிப்புகள்

ஆந்திரத்தில் நிற்க ஆந்திர வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சென்னையில் வாக்கை வைத்துக்கொண்டு சித்தூரில் நிற்க முடியாது. தாய்மொழி எதுவானாலும் தடையில்லை.

தனித் தொகுதி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய சித்தூர் மாவட்டத்தில் சத்தியவேடு, கங்காதர நெல்லூர், பூதலப்பட்டு மூன்றும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். (2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபின் சத்தியவேடு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.) அங்கே நிற்பவரின் சாதி ஆந்திர மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே நிற்க முடியாது.

பணியிலுள்ள பிள்ளைகளின் வாக்கு வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொந்த ஊரிலேயே ‘சேவை வாக்காளர்’ ஆகப் பதியலாம். 2003 முதல் ஊரிலுள்ள ஒருவரைப் பதிலாளாக நியமித்தும் வாக்களிக்கலாம். 2016இல் வந்த விதித் திருத்தத்தின்படி தபால் வாக்குச் சீட்டு மின்வழியில் அவர்களுக்குப் போகும். அச்சிட்டுக் குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே வசிக்கும் மனைவிக்கும் இந்தப் பதிவு உண்டு. 2021 திருத்தத்துக்குப்பின், பணியிலுள்ள பெண்ணின் கணவருக்கும் உண்டு.

இனி அந்த ஹவில்தார் தம்பிக்கு நான் சொன்னது. “நில்லுங்க தம்பி, தாராளமா நில்லுங்க. ஆனா இந்தத் தடவையே சட்டமன்றம் வேண்டாம். மொதல்ல ஊராட்சி. ஏரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடைன்னு ரெண்டு வருஷம் நடங்க. ஊர்ல விதவைப் பென்ஷன் வராம எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பட்டாளத்துப் பென்ஷன் பேப்பரே எவ்வளவு இழுக்கும்னு உங்களுக்குத் தெரியும்; அந்த அறிவை அவங்களுக்குக் குடுங்க. அப்புறம் ஜனங்களே வந்து கேப்பாங்க. பொண்ணு கல்யாணப் பணத்தை மட்டும் தொடாதீங்க.”

அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, “நோட்டு போடறேன் நயினாரே” என்றார். இப்போது அந்த நோட்டில் நாற்பதுக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. பதினொன்றுக்குக் காரியம் முடிந்து ‘சரி’ என்று குறியும் போட்டிருக்கிறார். அடுத்த தேர்தலில் அவர் நிற்பாரோ மாட்டாரோ, அது அவர் இஷ்டம். பென்ஷன் பேப்பர் எழுதத் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. மீதமுள்ள பெயர்களுக்கு ஒரு கை கொடுத்தால் புண்ணியம்.